கிராமங்களுக்குப் போய் வெள்ளெழுத்துக் கண்ணாடி விற்க நினைக்கிறேன். இதில் லாபம் பார்ப்பது தப்பா?

மேலூர் மலர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கண்ணாடிக் கடையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ஃப்ரேம் சரி செய்வது, லென்ஸ் வெட்டிப் பொருத்துவது, கல்லாவில் உட்காருவது எல்லாம் பழக்கம். சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் 40 வயதைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர் கண் தெரியவில்லை என்று வேலையை விட்டுவிடுகிறார்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், ஜாக்கெட் தைக்கிறவர்கள், பூ கட்டுகிறவர்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். என் சித்தி ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று தையல் மெஷினையே விற்றுவிட்டார். கடையிலிருந்து சார்ட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன், +1.75 போட்டதும் பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைக் கடகடவென்று படித்தார். மெஷின்தான் போய்விட்டது.

என் திட்டம் இதுதான். ஸ்கூட்டியில் ஒரு பெட்டி, அதில் +1 முதல் +3 வரை ரெடிமேட் கண்ணாடிகள். மொத்தக் கடையில் ஒன்று 55 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கவரும் துடைக்கிற துணியும் சேர்த்தால் 65. அதை 150 ரூபாய்க்கு விற்கலாம் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "பாவம், அந்தச் சனங்களிடம் போயா லாபம் பார்ப்பது? டிரஸ்ட் ஆரம்பித்து நன்கொடை வாங்கி இலவசமாகக் கொடு" என்கிறார் என் கொழுந்தனார். கூட வேலை பார்க்கிற தோழியோ, "அவர்களுக்கு வேறு கடை ஏது? 300 சொல்லு, வாங்கத்தான் செய்வார்கள்" என்கிறாள். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. தொழிலாகச் செய்தால் தப்பா? விலை எவ்வளவு வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கீழவாசல் குமரன்

மலர் அக்கா, உங்கள் கொழுந்தனார் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. நான் ஒரு தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி ஒரு அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். அந்தப் பணத்தில் முகாம் போட்டால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேருக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்கலாம். 150 ரூபாய் உங்களுக்குச் சின்னத் தொகை. ஆனால் கணவர் கையை எதிர்பார்க்கும் ஒரு அம்மாவுக்கு அது பெரிய தொகை. பார்வை அடிப்படைத் தேவை. அதை விற்பனைச் சரக்காக ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

பேரேடு

வணக்கம்மா. நான் வங்கியில் கிராமக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தர்மபுரிப் பக்கம் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருந்தேன். அந்த அனுபவத்தில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமரன் தம்பியின் மனசு நல்ல மனசு. பார்வை அடிப்படைத் தேவை என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் முகாமில் கொடுத்த கண்ணாடி ஆறு மாதத்தில் உடைந்தால் அந்த அம்மா யாரிடம் போவார்? வெள்ளெழுத்து ஒரு தடவையோடு முடிகிற விஷயம் இல்லை. சில வருடத்துக்கு ஒருமுறை பவர் ஏறிக்கொண்டே போகும். நன்கொடை தருகிற கம்பெனி அடுத்த வருடம் மரம் நடப் போய்விடும். அதைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் திட்டம் அப்படி. திரும்பத் திரும்ப அதே ஊருக்கு வருவதற்குக் காரணம் உள்ள ஒருவர் வேண்டும். அந்தக் காரணம் பிழைப்பாக இருந்தால் அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

நீங்கள் மதுரைக்காரர், அரவிந்த் கண் மருத்துவமனையைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருப்பீர்கள். அதன் கதையில் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்துக்காரர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு, அந்த விரல்களோடேயே கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கில் புரை அறுவை செய்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் 1976-இல், 58 வயதில், ஒரு வாடகை வீட்டில் 11 படுக்கையோடு தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி எல்லோரும் கூட நின்றார்கள். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும், அதில் மிஞ்சுவதை வைத்து முடியாதவர்களுக்குச் செய்வோம் என்பதுதான் ஏற்பாடு.

சட்டப்படி அது அறக்கட்டளைதான். ஆனால் அங்கே நடப்பது கறாரான லாபக் கணக்கு. ஒரு அறுவை அறையில் இரண்டு மேசை இருக்கும். ஒரு மேசையில் மருத்துவர் அறுவையை முடிக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். மருத்துவர் திரும்பி உட்கார வேண்டியதுதான். கண் கழுவுவது, மருந்து விடுவது, அளவு எடுப்பது எல்லாவற்றையும் கிராமத்திலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து இரண்டு வருடம் பயிற்சி எடுத்த பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே விலை கூடிய சரக்கு மருத்துவரின் நேரம்தான். அதில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்று பார்த்துக்கொண்டதால் ஒரு அறுவைக்கு ஆகும் செலவு இறங்கியது. செலவு இறங்கியதால் கட்டணம் கட்டுபவர் நியாயமான தொகை கட்டினாலே மிச்சம் வந்தது. இலவசமாக வருபவரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பது கிடையாது. எந்தப் பக்கம் போவது என்பதை வருகிறவரே முடிவு செய்கிறார். இரண்டு பக்கமும் அதே மருத்துவர்கள். அறையும் கட்டிலும்தான் வேறு.

இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஆரம்பத்தில் முகாமில் பரிசோதித்து "உங்களுக்கு அறுவை வேண்டும், இலவசம், வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால் மிகக் குறைவான பேர்தான் வந்தார்கள். போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, பஸ் காசு, சாப்பாடு, கூட யார் வருவது, போகிற நாள் கூலி, இத்தனையும் சேர்ந்தால் இலவசம் இலவசமாக இல்லை. அப்புறம்தான் பஸ் வைத்து அழைத்து வந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தார்கள். கண்ணாடியும் அப்படித்தான், அளவு எடுத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து, முகாமிலேயே லென்ஸ் வெட்டிப் பொருத்திக் கையில் கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் சித்திக்கு மதுரையில் கண்ணாடிக் கடை இருப்பது தெரியாதா என்ன? அங்கே போய் வருவதற்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது. ஸ்கூட்டியில் நீங்கள் கொண்டுபோவது கண்ணாடியோடு சேர்த்து அந்த ஒரு நாளையும்தான்.

என் அம்மாவுக்கு 80-களில் புரை எடுத்தார்கள். உள்ளே லென்ஸ் வைக்கிற வசதி எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது இல்லை. சோடாப்புட்டிக் கண்ணாடிதான். நேரே பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் வருவது தெரியாது. படி இறங்கப் பயப்படுவார், கிணற்றடிக்குத் தனியாகப் போகவே மாட்டார். வெளிநாட்டு லென்ஸ் அன்றைக்கு ஆயிரக்கணக்கான ரூபாய். அரவிந்திலும் அப்போது எல்லோருக்கும் அதை வைக்க முடியவில்லை. 1992-இல் அவர்களே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி மதுரையில் லென்ஸ் செய்தார்கள். விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. அந்தத் தொழிற்சாலை நன்கொடையில் ஓடவில்லை, விற்று ஓடியது. இன்றைக்கு நூறு நாடுகளுக்கு மேல் அந்த லென்ஸ் போகிறது. இலவச நோயாளிக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது இந்த வியாபாரம் நடந்ததால்தான். என் மாமனாருக்கு 90-களின் கடைசியில் திருநெல்வேலியில் செய்தபோது அவர் மறுநாளே பேப்பர் படித்தார். அம்மா அப்போது உயிரோடு இல்லை.

சரி, இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

எங்கள் வங்கி குழுக்களுக்குக் கடன் கொடுத்து வந்த காலத்தில் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. ஏழைப் பெண்களுக்குக் கடன் கிடைக்கவில்லை என்பது உண்மையான பிரச்சினை. அதைத் தீர்த்து லாபமும் பார்ப்போம் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். முதலில் நன்மை நடந்ததை மறுக்க மாட்டேன், கந்துவட்டிக்காரனிடமிருந்து தப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரே தெருவில் நான்கு நிறுவனம். ஒன்றின் தவணையைக் கட்ட இன்னொன்றில் கடன். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். வாராவாரம் தவணை நாளில் பெண்கள் முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு பெண் தவணைக்காக ரேஷன் அரிசியை விற்றதை என் கண்ணால் பார்த்தேன். ஆந்திராவில் இது முற்றித் தற்கொலைகள் வரை போனது. 2010 ஆகஸ்டில் அந்தத் துறையின் மிகப் பெரிய நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்து கோடிகளைத் திரட்டியது. அதே வருடம் அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டு வசூலைக் கட்டுப்படுத்தியது. ரிசர்வ் வங்கி மாலேகாம் குழுவை அமைத்து, அடுத்த வருடம் வட்டிக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது.

இரண்டுமே ஏழைகளின் பிரச்சினையை வைத்து நடந்த தொழில்தான். நான் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். அரவிந்தில் வரவு கூடக்கூடப் பார்வை இல்லாதவர்களின் எண்ணிக்கை குறைந்தது. நுண்கடனில் ஒரு கட்டத்துக்குப் பிறகு நிறுவனத்தின் வரவு கூடக்கூடப் பெண்களின் கடன்தான் கூடியது. லாபம் செலவைக் குறைக்கிற கெட்டிக்காரத்தனத்திலிருந்து வந்தால் ஊருக்கும் நல்லது. வாங்குகிறவருக்குப் போக்கிடம் இல்லை என்பதிலிருந்து வந்தால் அது ஊரை அரிக்கும். உங்கள் தோழி "வேறு கடை ஏது" என்கிறார் பாருங்கள், அந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இதை உங்கள் கணக்கிலேயே போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், எண்களை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல், டீ எல்லாம் ஒரு நாளைக்கு 150 ரூபாய். 150 ரூபாய் விலையில் ஒரு நாளில் 12 கண்ணாடி விற்றால், ஒன்றுக்கு 85 வீதம் 1,020. பெட்ரோல் போக 870. 300 ரூபாய் விலையில் 4 பேர் வாங்கினால், 235 வீதம் 940. பெட்ரோல் போக 790. உங்கள் கையில் நிற்பது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் கணக்கில் எட்டுப் பேர் கூடுதலாக ஊசியில் நூல் கோர்க்கிறார்கள்.

ஆனால் 150 வைத்துவிட்டு ஒரு நாளைக்கு நான்கே விற்றால் 190 ரூபாய்தான் மிஞ்சும். நூறு நாள் வேலைக் கூலிகூடத் தேறாது, இரண்டு மாதத்தில் பெட்டியை மூடிவிடுவீர்கள். அதனால் உங்கள் தலைவலி விலை இல்லை, ஒரு இடத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதுதான். வீடு வீடாகப் போகாதீர்கள். குழுக் கூட்டம் நடக்கிற நாள், சந்தை நாள், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் சாப்பாட்டு நேரம், இப்படிப் பெண்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்துக்குப் போங்கள். அரவிந்தில் இரண்டு மேசை போட்டதும் இதே கணக்கில்தான்.

விலையைப் பற்றி இன்னும் ஒன்று. வங்கதேசத்தில் போக்ரா என்ற ஊரில் 2006-இல் கிராமீன் அமைப்பும் பிரான்ஸ் நாட்டு டானோன் கம்பெனியும் சேர்ந்து, சத்துக் குறைவான குழந்தைகளுக்காகச் சத்து சேர்த்த தயிர் செய்து 5 டாக்காவுக்கு (டாக்கா அந்த நாட்டு நாணயம்) விற்றார்கள். 2008-இல் பால் விலை ஏறியதும் அதை 8 டாக்கா ஆக்கினார்கள். கிராமத்தில் விற்பனை படுத்துவிட்டது. பிறகு கப்பைச் சிறிதாக்கி விலையைக் குறைத்தார்கள், தலைநகரான டாக்காவின் கடைகளுக்கும் கொண்டுபோனார்கள். கிராமத்தில் மூன்று டாக்கா அவ்வளவு பெரிய வித்தியாசம். நீங்கள் ஒரு விலை வைத்துவிட்டால் அதை ஏற்றும் முன் பல தடவை யோசியுங்கள்.

---

ஒளிமதி

மலர், நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி அளவு சொல்கிறவள். உங்கள் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது, பேரேடு ஐயா எழுதியதும் பிடித்திருக்கிறது. ஆனால் கண் விஷயம் என்பதால் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும், சிலிண்டர் (கோணல் பார்வையைச் சரிசெய்கிற பவர்) இருக்காது. அதனால் முதலில் தூரப் பார்வையை ஒவ்வொரு கண்ணாக மூடித் தனித்தனியே பாருங்கள். தூரம் சரியாகத் தெரியாதவர், இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் உள்ளவர், கண் சிவந்து வலிக்கிறவர், விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று சொல்கிறவர், யாருக்கும் விற்காதீர்கள். சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் கிட்டத்துக்குக் கண்ணாடி கொடுத்தாலும், வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். கண் நீர் அழுத்த நோய் சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும். கண்ணாடி போட்டதும் பத்திரிகை படிக்க முடிகிறதே என்று அந்த அம்மா நிம்மதியாக இருந்துவிட்டால் ஆபத்து. உங்கள் பக்கத்து ஊர்களில் பார்வை மையம் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு அங்கே அனுப்புங்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதித்து, கணினி வழியாகப் பெரிய மருத்துவமனை மருத்துவரிடம் காட்டிவிடுவார்கள். கட்டணமும் ரொம்பக் குறைவு.

பவர் தேர்வு செய்யும்போது வேலை செய்கிற தூரத்தைக் கேளுங்கள். சுங்குடி முடிச்சுக்காரர் துணியை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் பிடிப்பார், தையல்காரருக்குக் கொஞ்சம் தள்ளி. நன்றாகத் தெரிகிற பவர்களில் குறைந்ததைக் கொடுங்கள்.

"கண்ணாடி போட்டால் என்ன ஆகிவிடும்" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு ஆய்வுகள். அசாமில் 40 வயதைத் தாண்டிய தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரை வைத்துச் செய்தது, 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இலை பறித்தார்கள். தேயிலை பறிப்பதற்கு ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்குக்கூடக் கூர்மை தேவையில்லை, அதிலேயே இவ்வளவு. வங்கதேசக் கிராமங்களில் செய்த இன்னொன்று 2024-இல் வந்தது. எட்டு மாதத்தில் கண்ணாடி போட்டவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

---

திருப்பூர் செல்வி

அக்கா, நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஒளிமதி மேடம் சொன்ன தேயிலைக் கணக்கைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களிடம் 40, 45 வயது அக்காமார் நிறைய. ஓட்டை, ஊசி உடைந்த இடம், எண்ணெய்க் கறை பார்த்து ஒதுக்க வேண்டும். கண் மங்க ஆரம்பித்தால் பீஸ் தப்பிப் போகும், சரக்கு வாங்குகிற பையரின் ஆள் வந்து பார்த்துவிட்டு லாட்டையே திருப்பிவிடுவார். அப்புறம் அந்த அக்காவை மடிக்கிற வேலைக்கு மாற்றுவார்கள், சம்பளம் குறையும். இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். பத்து வருடம் கை பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்குக் கற்றுக்கொடுப்பது கம்பெனிக்கும் நஷ்டம்தான். ஒரு கண்ணாடி விஷயம் என்று யாரும் யோசிப்பதில்லை, "வயசாயிடுச்சு" என்று முடித்துவிடுகிறார்கள்.

நீங்கள் ஏன் கம்பெனிகளிடம் பேசக் கூடாது? தொழிலாளிக்கு இலவசம், பணம் கம்பெனி கொடுக்கும். ஒரு பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட்) ஓனர் 40 பேருக்குக் கண்ணாடி வாங்கினால் அவருக்கு ஆகிற செலவு, ஒரு லாட் திரும்பி வந்தால் ஆகிற செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. எங்கள் மேனேஜரிடம் நானே இந்த வாரம் கேட்கிறேன்.

---

கீழவாசல் குமரன்

பேரேடு ஐயா, உடைந்த கண்ணாடியைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் முகாம்களில் நாங்கள் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் 150 ரூபாயும் கொடுக்க முடியாத ஒருவர் இருப்பார், விதவை உதவித்தொகையில் வாழ்கிற பாட்டி இருப்பார். அவரை உங்கள் கணக்கில் எங்கே வைக்கிறீர்கள்? அந்த இடத்தில் நன்கொடை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

---

மேலூர் மலர்

எல்லோருக்கும் நன்றி. 300-க்கும் 150-க்கும் போட்ட கணக்கை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவர் உட்கார்ந்து பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஒளிமதி மேடம், நீங்கள் சொன்னதை எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டப் போகிறேன். செல்வி, உங்கள் மேனேஜர் என்ன சொல்கிறார் என்று கட்டாயம் எழுதுங்கள்.

இன்னும் சில சந்தேகம். நேற்று எங்கள் குழுக் கூட்டத்தில் சும்மா பேச்சுக் கொடுத்தேன். பாதிப் பேர் "கடனுக்குத் தருவாயா, அறுப்பு முடிந்ததும் தருகிறேன்" என்கிறார்கள். கொடுக்கலாமா? அப்புறம் சரக்கு வாங்க முதலீடு கொஞ்சம் வேண்டும். குமரன் தம்பி சொல்கிற பாட்டிமார் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் காசு வாங்க எனக்குக் கை வராது.

---

பேரேடு

தனித்தனியாகக் கடன் கொடுக்காதீர்கள் அம்மா. கொடுத்தால் அடுத்த தடவை அந்த ஊருக்குப் போகும்போது நீங்கள் கண்ணாடிக்காரி இல்லை, வசூலுக்கு வந்தவள். காசு பாக்கி வைத்தவர் உங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார், கண்ணாடி உடைந்தாலும் சொல்ல மாட்டார். குழுவில் சேமிப்பு இருக்கும். உள்கடனாக எடுத்து உறுப்பினருக்கு அவர்களே கொடுத்து, வழக்கம்போல வசூலித்துக்கொள்ளட்டும். உங்களுக்குக் குழுவிலிருந்து மொத்தமாகப் பணம் வந்துவிடும். அதற்குப் பதிலாகப் போட்டுப் பார்க்கத் தாராளமாகக் கொடுங்கள். சித்தி பஞ்சாங்கம் படித்தது போல, கூட்டம் நடக்கிற நேரம் முழுக்கப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கட்டும், பூ கட்டட்டும். கழற்ற மனசு வராது.

முதலீட்டுக்கு டிரஸ்ட் வேண்டாம். உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகர் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கடன் உண்டு. ஆனால் முழுத் தொகையையும் எடுக்க வேண்டாம். முதல் சரக்கு நூறு கண்ணாடி என்றால் கவரோடு 6,500 ரூபாய். அதை விற்று அடுத்ததை வாங்குங்கள். எந்த பவர் எவ்வளவு போகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். இல்லையென்றால் +3 பெட்டியில் தூங்கும், +1.5 கேட்டவருக்குக் கையை விரிப்பீர்கள்.

இனி பாட்டிமார். குமரன் தம்பி கேட்டதுதான் இந்தத் திரியில் கனமான கேள்வி. 150 கொடுக்க முடியாதவர் கட்டாயம் இருப்பார், அவரைத் தொழில் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்ல மாட்டேன். மதுரையில் மேல்தட்டுக்குக் கொஞ்சம் நல்ல ஃப்ரேம் விற்கத் தெரிந்தவர் நீங்கள். பெட்டியில் பத்துக் கண்ணாடி 350 ரூபாய் ரகத்தில் வையுங்கள். ஊரில் வாத்தியார் வீடு, மளிகைக்கடைக்காரர், அரிசி ஆலை முதலாளி வாங்குவார்கள். செல்வியின் கம்பெனிகள் வந்தால் அந்த வரவும் இருக்கும். அதில் மிஞ்சுவதில் பாட்டிக்கு 20 ரூபாய்க்குக் கொடுங்கள். சும்மா கொடுக்காமல் 20 வாங்குவது ஏன் என்றால், அப்போதுதான் காது வலிக்கிறது, மூக்கில் வழுக்குகிறது என்று உங்களிடம் தைரியமாகக் குறை சொல்வார். யாருக்கு 20 என்று ஊரார் முன்னால் கேட்டுத் தீர்மானிக்காதீர்கள், அவரே சொல்வதை நம்பிக் கொடுங்கள். அப்படியும் கை மீறிப் போகிற ஊர்களில் குமரன் தம்பியின் அமைப்பு அந்த வித்தியாசத் தொகையை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். முகாம் போடுவதைவிட அவர்களுக்கும் செலவு குறைவு, திரும்பப் போய்ப் பார்க்க ஆளும் உண்டு. தம்பி, உங்கள் அமைப்பில் பேசிப் பார்க்க முடியுமா?

கடைசியாக, நோட்டுப் போடுங்கள். விற்றதை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் இன்னும் மூன்று கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போனவர், ஏன் வாங்கவில்லை என்று அவர் சொன்னது, மருத்துவரிடம் அனுப்பியவர் உண்மையில் போனாரா என்பது. முதல் மாதம் முடிந்ததும் பெயர்களை விட்டுவிட்டு அந்தப் பக்கங்களை இங்கே போடுங்கள், விலையை ஏற்றுவதா இறக்குவதா என்று அதைப் பார்த்துப் பேசுவோம்.